ஜெபராணி போடாத ஊசி

நல்லது செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்குவதில் ஏசுராஜை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்தோத்திர காணிக்கைக் கவரின் மேல் கொட்டை எழுத்தில் அதை எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டார். பார்சிப்பனியில் அவர்கள் போகும் தமிழ்ச் சபையில் அந்தக் கவர்களைப் பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பது வழக்கம். வீடு வாங்கியதற்கு ஒன்று, பிள்ளைக்கு காலேஜ் கிடைத்ததற்கு ஒன்று, கிரீன் கார்டு வந்ததற்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அவற்றுக்கு நடுவே இதுவும் வந்தது.

"சகோதரி ஜெபராணிக்கு ஆஸ்பத்திரியிலே ஆர்.என். வேலை கிடைச்சதுக்காக, குடும்பமா கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சபையே கை தட்டியது. ஜெபராணிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது. ஏனென்றால் அவள் ஆர்.என். இல்லை, எல்.பி.என்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிக்கு நன்றாகவே தெரியும், அதுதான் தலைவலி. ஆர்.என். என்றால் முழுப் பொறுப்புள்ள நர்ஸ். நோயாளியைச் சோதித்துப் பார்த்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவர். எல்.பி.என். அதற்கு அடுத்த படி. மாத்திரை கொடுக்கலாம், சதையில் ஊசி போடலாம், புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ணலாம். ஆனால் ஆர்.என். ஒருவரின் பொறுப்பின் கீழ்தான் எல்லாமே. பாளையங்கோட்டையில் ஒரு வார்டையே கட்டி மேய்த்த ஜெபராணி, கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஆர்.என். பரீட்சை எழுதப் பார்த்தாள். அவள் படித்த நர்ஸிங் ஸ்கூலை இழுத்து மூடிவிட்டார்கள். சான்றிதழை அனுப்ப அங்கே ஆளில்லை. வேறு வழியில்லாமல் இந்த மாவட்டத்தின் தொழிற்பள்ளியில் உட்கார்ந்து புதிதாக எல்.பி.என். படித்து முடித்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

ஏசுராஜும் பொய் எழுதவில்லை, பாவம். அவர் ஒரு வங்கியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். நர்ஸ் உலகத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எல்.பி.என்.களை எடுக்க மாட்டார்கள். ஜெபராணி லைசென்ஸ் வாங்கின புதிதில் வாசல் வாசலாக அப்ளை பண்ணி, "எங்களுக்கு ஆர்.என். மட்டும்தான்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை என்றால் ஆர்.என். ஆகிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? நர்ஸ்கள் போதவில்லை என்று ஆஸ்பத்திரிகள் மறுபடி எல்.பி.என்.களைத் தேடத் தொடங்கிவிட்டன என்பதை அவளும் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. வேலை கிடைத்த பரபரப்பில் விட்டுப்போயிற்று.

அந்த இடத்திலேயே எழுந்து, "இல்ல பாஸ்டர், ஒரு சின்னத் திருத்தம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கைதட்டல் இனித்தது, அதுதான் உண்மை. ஆராதனை முடிந்து பேப்பர் தட்டில் பிரியாணியோடு நின்றபோது, முதலில் வந்து கட்டிக்கொண்டவர் தனபாக்கியம் ஆன்ட்டி. தபால் ஆபீஸில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைப் பக்கம் நாசரேத்துக்காரர், சபைக்கு மைக்கே தேவையில்லாத குரல். இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஹாலில், இதே பிரியாணி வரிசையில், "எல்.பி.என். எல்லாம் ஆயா வேலதான?" என்று யாரிடமோ சொன்னவரும் அவர்தான். பக்கத்தில் ஜெபராணி நிற்பது அப்போது அவருக்குத் தெரியாது.

"ஏட்டி ராணி! கர்த்தர் உன்னைத் தலையாக்கிட்டாரு பாத்தியா? எங்க மகன் டென்னிஸ் மருந்துக் கம்பெனியில டைரக்டர் ஆனப்ப எனக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்குட்டி!"

ஜெபராணி சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்போடு முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

காரில் ஏறியதும் மகள் ஆன்லின் பின்சீட்டிலிருந்து கேட்டாள், "மாம், யூ ஆர் நாட் ஆன் ஆர்.என்., ரைட்?"

ஏசுராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுதா இவ?"

ஜெபராணி சொன்னாள். ஏசுராஜ் பார்க்கிங் லாட்டிலேயே காரை நிறுத்திவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ கர்த்தருக்கே தப்பான தகவல் குடுத்துட்டேனா?"

"கர்த்தருக்குத் தெரியும். சபைக்குத்தான் தெரியாது."

"அடுத்த வாரம் சொல்லிரலாமா?"

"சொல்லிரலாம்," என்றாள். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணம். பிறகு சொல்வதற்கு நேரம் தாண்டிவிட்டது. மருந்து சந்தேகம் கேட்டு ஃபோன் செய்பவர்களெல்லாம் "நீங்க ஆர்.என். ஆச்சே" என்றே ஆரம்பித்தார்கள்.

வேலை மட்டும் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதியோர் இல்லத்தில் ஒரு வராந்தா முழுக்க மாத்திரை வண்டியைத் தள்ளித் தள்ளி அவளுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. இங்கே எலும்பு ஆபரேஷன் வார்டில், ஒரு ஆர்.என்., ஒரு எல்.பி.என்., ஒரு உதவியாளர் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு பக்கத்து அறைகளைப் பார்த்துக்கொள்ளும் புது ஏற்பாடு. அவளுடைய ஆர்.என். லோர்னா, ஃபிலிப்பைன்ஸ்காரி. வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். காலையில் இருவரும் அறை அறையாகச் சேர்ந்து போவார்கள். லோர்னா நோயாளியைச் சோதித்துப் பார்ப்பாள். ஜெபராணி மாத்திரை, டிரெஸ்ஸிங், ஊசி என்று பின்னாலேயே வருவாள். ஜெபராணி எதையாவது கவனித்துச் சொன்னால் லோர்னா நின்று கேட்பாள். ஒருவர் நின்று கேட்பது ஜெபராணிக்கு இந்த நாட்டில் புதிது. காலையில் காரை எடுக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள் என்று ஏசுராஜே சொன்னார்.

ஆனால் அது நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. சோதனைக்காகத்தான் மூன்று எல்.பி.என்.களை எடுத்திருந்தார்கள். வார்டு மேனேஜர் டோரதி, முப்பது வருஷம் அங்கேயே குப்பை கொட்டிய வெள்ளைக்கார அம்மாள், ஒரு காலைக் கூட்டத்தில் ஒளிக்காமல் சொன்னாள். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நரம்பில் நேரடியாகப் போடும் வலி ஊசியை எல்.பி.என். போடக்கூடாது என்பது இந்த ஆஸ்பத்திரி விதி. ஆர்.என். வேறு அறையில் மாட்டிக்கொண்டால் நோயாளி வலியோடு காத்துக் கிடக்கிறார். அப்படி நேர்ந்தால் எல்.பி.என். உடனே அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து போடுவார். கூப்பிடாமல் நோயாளி காத்துக் கிடந்த புகார் இன்னும் ஒன்று வந்தால் திட்டத்தை மூடிவிட வேண்டியதுதான். மூடினால் ஜெபராணி பழையபடி மாத்திரை வண்டிக்குத்தான் போக வேண்டும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தனபாக்கியம் ஆன்ட்டிக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆயிற்று. எத்தனையோ ஆஸ்பத்திரி, எத்தனையோ வார்டு இருக்க, ஜெபராணியின் வார்டுக்கே வந்து சேர்ந்தார். போகிற ஓணானை யாரும் மடியில் கட்டவில்லை. அதுவே வந்து ஏறிக்கொண்டது.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் ஆன்ட்டியின் அறைக்குள் நுழைவதற்கு முன் ஜெபராணி செய்த முதல் காரியம், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிவிட்டது. அதில் எல்.பி.என். என்று கண் தெரியாதவரும் வாசிக்கிற அளவில் நீல எழுத்து. அது என்ன சாபமோ, அட்டை அடிக்கடி தானாகத் திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே குனிந்தாள்.

ஆன்ட்டிக்கு வாய் நிறையப் பெருமை. அறையைத் துடைக்க வந்த பெண்ணிடம், "மை சர்ச் ஆர்.என்.!" என்று ஜெபராணியைக் காட்டினார். சாப்பாடு கொண்டுவந்தவரிடமும் காட்டினார். ஜன்னலோரம் மடியில் லேப்டாப்போடு மகன் டென்னிஸ் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதைத் தொடும் ஆள், நல்ல சட்டை, கண்ணுக்குக் கீழே கருப்பு.

"ஆபீஸ் போகலையா தம்பி?" என்று ஜெபராணி ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"வொர்க் ஃப்ரம் ஹோம்தான் அக்கா. எங்க இருந்து பண்ணாலும் ஒண்ணுதான்," என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே.

மத்தியானம் வரை பிழைத்தாள். ஆன்ட்டியை நடக்கப் பழக்கும் பெண் வந்து, புதுமுழங்காலை மடக்க வைத்து, கதவு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் வலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. காலையில் கொடுத்த மாத்திரையெல்லாம் எந்த மூலைக்கு? ஜெபராணி ஐஸ் வைத்தாள், காலைத் தூக்கித் தலையணை கொடுத்தாள், முகத்தைத் துடைத்தாள். அவள் செய்யக்கூடியதெல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது வேண்டியது அந்த நரம்பு ஊசி. டாக்டர் அதற்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தார்.

லோர்னாவைத் தேடிப் போனாள். வராந்தாவின் கடைசி அறையில் ஒருவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர், நடுவில் லோர்னா. இப்போதைக்கு அவள் வரமாட்டாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சார்ஜ் நர்ஸைக் கூப்பிட வேண்டும். இடுப்பில் ஃபோன் இருந்தது. ஜெபராணியின் கை அதுவரை போய்த் திரும்பி வந்தது. சார்ஜ் நர்ஸ் வந்து ஊசி போட்டால் ஆன்ட்டி கேட்பார், "ஏன், நீ போட மாட்டியா?" அதற்குப் பதில் என்ன?

லோர்னா இப்போது வந்துவிடுவாள், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, அம்மாவால முடியல. அந்த இன்ஜெக்‌ஷன் குடுத்துருங்களேன்," என்றான் டென்னிஸ்.

"டாக்டர் ஆர்டர் வரணும் தம்பி. மெசேஜ் போட்டிருக்கேன்."

சொன்ன மாத்திரத்தில் நாக்கு கசந்தது. இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். நோயாளியிடம் மருந்து விஷயத்தில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

டென்னிஸ் நிமிர்ந்தான். "ஆர்டர் ஆல்ரெடி இருக்கே அக்கா. காலைல சர்ஜன் என்கிட்டயே சொன்னாரு, வலிச்சா நர்ஸ்கிட்ட கேளுங்க, உடனே குடுப்பாங்கன்னு."

"அது... செக் பண்றேன்."

"நீங்கதான் ஆர்.என். ஆச்சே! நீங்க குடுக்கிறதுக்கு என்ன?" அவன் குரலில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நான் டெஸ்க்ல போய்க் கேக்கறேன்." லேப்டாப்பைத் தூக்கி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போனான்.

அறையில் ஜெபராணியும் ஆன்ட்டியும். ஊரெல்லாம் கேட்கப் பேசும் அந்த அம்மாள் சத்தமே போடவில்லை. கண்ணை இறுக்கி மூடி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கித் தலையணையில் போய் நின்றது.

போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் ஜெபராணிக்கே தோன்றியது. ஊரில் இதைவிடக் கடுமையான மருந்தெல்லாம் நரம்பில் போட்ட கை. மருந்து அலமாரி அவள் விரலுக்கும் திறக்கும். கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது. ஆன்ட்டிக்கு வலி போய்விடும், சபையில் மானம் நிற்கும், டென்னிஸின் புகாரும் இல்லை. எல்லாம் சுபம். ஆனால் போடக்கூடாது என்று விதி சொன்னதைப் போட்டவள் என்று ஆனபிறகு, எந்தப் பெயரை அட்டையில் எழுதி என்ன? தப்பித்தவறி மூச்சு மந்தமாகிவிட்டால்? அப்போது யார் பொறுப்பு?

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். "ராணி... என்னமாச்சும் பண்ணுட்டி."

அவ்வளவுதான். ஜெபராணிக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. வெட்கம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய கோபம் இருந்தது, முழுக்கத் தன் மேல்தான். ஒரு கைதட்டலுக்காக இந்த மனுஷியை இப்படிக் கிடக்க விட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. அட்டையைப் பிடித்து, நீல எழுத்து வெளியே தெரிய, திருப்பிப் போட்டாள்.

"ஆன்ட்டி, நான் ஆர்.என். இல்ல. எல்.பி.என். இந்த ஊசிய நான் போடக்கூடாது. ஆர்டர் வரலன்னு சொன்னதும் பொய்தான். இப்பவே போடுறவங்களக் கூட்டிட்டு வாரேன்."

ஆன்ட்டி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ எந்த என்.னா இருந்தா எனக்கென்னட்டி? வலி உயிரு போகுது! கூப்பிடுட்டி!"

ஜெபராணி ஃபோனில் சார்ஜ் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினாள். டெஸ்கில் டோரதி நின்றிருந்தாள். அவள் முன்னால் டென்னிஸ் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்: அம்மாவுக்கு வலி, நர்ஸ் மருந்து கொடுக்க மாட்டேன் என்கிறார், ஆர்டர் இல்லையென்கிறார்.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? ஜெபராணி இருவருக்கும் நடுவில் போய் நின்று, இங்கிலீஷிலேயே சொன்னாள். ஆர்டர் இருக்கிறது. நான் எல்.பி.என்., அதனால் போட முடியவில்லை. இவர்கள் என் சர்ச்காரர்கள். என்னை ஆர்.என். என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. அது தெரிந்துவிடுமே என்றுதான் சார்ஜ் நர்ஸை உடனே கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

டோரதியின் முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை.

சார்ஜ் நர்ஸ் வந்தார். ஆன்ட்டியைச் சோதித்துப் பார்த்தார், மருந்தை எடுத்துவந்து மெதுவாக நரம்பில் ஏற்றினார். ஜெபராணி பக்கத்திலேயே நின்று ரத்த அழுத்தமும் மூச்சும் பார்த்துச் சொன்னாள். கம்பியைப் பிடித்திருந்த ஆன்ட்டியின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நெற்றிச் சுருக்கம் இறங்கியது. ஒரு நீண்ட மூச்சு வந்தது.

"அப்பாடா," என்றார் ஆன்ட்டி, கண்ணை மூடியபடியே.

அந்த ஒரு வார்த்தையில் ஜெபராணிக்கும் உடம்பு லேசாயிற்று. வேலை போனாலும் போகட்டும் என்று கூடத் தோன்றியது. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை வாரமாகத் தலையில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டே குனிந்து நிமிர்ந்திருக்கிறாள் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

ஷிஃப்ட் முடிவதற்குள் டோரதி தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"முன்னாலே இதே வார்டில் எல்.பி.என்.கள் இருந்தார்கள், தெரியுமா?" என்றாள். "நான் இங்கே சேர்ந்தபோது எல்லாரும் எல்லா வேலையும் செய்வோம். யார் எதற்குப் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு யார் கை காலியோ அந்தக் கை ஊசி போடும். ஒரு நாள் ஒன்று தப்பாகப் போயிற்று. பழி எல்.பி.என். மேல் விழுந்தது. அதற்கப்புறம்தான் ஒருவர் மிச்சமில்லாமல் அனுப்பினார்கள். நல்ல நர்ஸ்கள். என் சிநேகிதிகள்."

"நான் உடனே கூப்பிட்டிருக்கணும்," என்றாள் ஜெபராணி.

"கூப்பிட்டிருக்கணும். ஒரு வயதான அம்மா அநாவசியமாக வலியில் கிடந்தாள். அதை நான் உன் ஃபைலில் எழுதத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை." டோரதி கண்ணாடியைக் கழற்றினாள். "ஆனால் நீ அந்த ஊசியைப் போட்டிருந்தால், இன்றைக்கே உன்னையும் அனுப்பி, திட்டத்தையும் மூடியிருப்பேன். நீ எந்த எல்லையில் நிறுத்திக்கொள்வாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும். அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்துவது என் வேலை. திங்கட்கிழமையிலிருந்து ஊசிக்கென்றே ஒரு ஆர்.என். ஒவ்வொரு ஷிஃப்டிலும் தனியாக இருப்பாள். இனி இந்தப் புகாருக்கே இடமில்லை, திட்டத்தை மூடவும் வேண்டியதில்லை."

"அப்போ எங்களை...?"

"குளிர்கால ஷெட்யூலில் உங்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. போ, வீட்டுக்குப் போ. முகத்தைப் பார், பேய் அறைந்தது மாதிரி இருக்கிறது."

பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து ஜெபராணி நன்றாக ஒரு அழுகை அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு ஏசுராஜுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"தனபாக்கியம் ஆன்ட்டிட்டயா சொன்ன?" என்றார் அவர். "அப்போ பாஸ்டர் இனிமே தனியா வாசிக்கவே வேண்டாம்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஏசுராஜ், "வேல இருக்குல்லா?" என்று சின்னக் குரலில் கேட்டார். இருக்கிறது என்றாள். "அப்போ சரி, சீக்கிரம் வா, தோசை ஊத்தி வைக்கேன்," என்றார்.

மறுநாள் காலை ஜெபராணி மாத்திரைக் கோப்பையோடு அறைக்குள் போனபோது ஆன்ட்டி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலி அடங்கி, முகம் தெளிந்திருந்தது. டென்னிஸ் அதே ஜன்னலோரம், அதே லேப்டாப். ஜெபராணி இருவரையும் நேராகப் பார்த்தாள். அட்டையைப் பற்றி இன்றைக்கு அவளுக்கு நினைப்பே வரவில்லை.

"ஆன்ட்டி, நேத்து உங்கள வலியில போட்டு வச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க. ஞாயித்துக்கிழம சபையில நானே எந்திரிச்சு எல்லாத்தையும் சொல்லிருதேன். நீங்க யார்ட்டயும் சொல்ல வேண்டிய அவசியமில்ல."

ஆன்ட்டி வாயில் வந்த வழக்கமான சத்தத்தை விழுங்கினார். மாத்திரையை வாங்கிப் போட்டு, தண்ணீர் குடித்து, கோப்பையைக் கையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா ஆன்ட்டி."

"சிரிப்பாளுகளே."

"சிரிக்கட்டும். நேத்து சொன்ன பிறகு ராத்திரி நல்லாத் தூங்கினேன் ஆன்ட்டி. ரொம்ப நாளைக்கு அப்புறம்."

ஆன்ட்டி மகன் பக்கம் திரும்பினார். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் எதையும் தட்டவில்லை.

"இவனுக்கு வேல போயிருச்சுட்டி ராணி," என்றார் ஆன்ட்டி. அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று ஜெபராணிக்குத் தெரியாது. "கோடையிலயே போச்சு. மருமகளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சபையில கேக்கவங்கட்டல்லாம் டைரக்டர், டைரக்டர்னு நான்தான் சொல்லிட்டு அலையுதேன்."

"அம்மா!" டென்னிஸ் எழுந்தேவிட்டான். முகம் சிவந்து, ஒரு கணம் கதவைப் பார்த்தான். பிறகு கால் மடங்கினது போல அப்படியே உட்கார்ந்தான். லேப்டாப்பை மூடி, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒவ்வொரு சண்டேயும் சர்வீஸ் முடிஞ்சதும் காதுல ஃபோன வச்சுட்டு பார்க்கிங் லாட்ல நடக்கறேன் அக்கா," என்றான். "கால்ல யாருமே கிடையாது. சும்மா பேசிட்டு நடக்கறேன். யாரும் வந்து ஆபீஸ் எப்படி இருக்குன்னு கேட்டுரக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரித்த சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. ஜெபராணி அவனுக்கு ஒரு டிஷ்யூவை உருவிக் கொடுத்தாள். அவனும் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டான் என்பது தோள் இறங்கினதைப் பார்த்தாலே தெரிந்தது.

"சபையில மருந்துக் கம்பெனியில இருக்கிறவங்க எத்தனை பேரு தம்பி? உங்களுக்கு வேலை தேடறது தெரிஞ்சாத்தானே யாராவது சொல்லுவாங்க?"

"அதத்தான் என் வொய்ஃபும் சொல்றா."

ஆன்ட்டி கையை நீட்டினார். ஜெபராணி பக்கத்தில் போனாள். நேற்றுக் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஏட்டி, ஞாயித்துக்கிழம நீ முதல்ல எந்திரி," என்றார். "எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நீ சொல்லி முடி. உன் பின்னால நாங்க எந்திக்கோம்."